எட்டு நண்பர்கள், மூன்று ஊர்கள்: கோல்ஃப் பயணத்துக்கு எங்கே போவது?

நண்பர்கள் சேர்ந்து கோல்ஃப் ஆடப் போகலாம் என்று பேச்சு எழுந்ததும், யாராவது ஒருவர் உலகின் தலைசிறந்த 100 மைதானங்களின் பட்டியலை எடுத்து நீட்டுவார். தனியாகப் போகிறவருக்கு அந்தப் பட்டியல் பயன்படலாம். எட்டுப் பேருக்குப் பயன்படாது. எட்டுப் பேரில் இருவர் நன்றாக ஆடுவார்கள். நாலைந்து பேர் சுமார். ஒருவர் சமீபத்தில்தான் மட்டையைப் பிடித்திருப்பார். ஒருவருக்கு முழங்கால் ஒத்துழைக்காது. பட்டியல் போடுகிறவர்கள் அந்த முதல் இருவரை மனத்தில் வைத்துத்தான் மதிப்பெண் கொடுக்கிறார்கள்.

எனக்கு வேறொரு கேள்வி முக்கியமாகப் படுகிறது. பயணத்தின் மூன்றாம் நாள் காலையில் ஒருவர், "இன்றைக்கு நான் ஆடவில்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்கிறார். அவருக்கு அந்த நாள் எப்படிக் கழியும்? இதற்கு நல்ல பதில் இருக்கும் ஊர்தான் குழுவுக்கு ஏற்ற ஊர். நன்றாக ஆடுகிறவர்களை எங்கே அழைத்துப் போனாலும் மகிழ்ச்சியாகத்தான் இருப்பார்கள். அவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

தனியார் கிளப்புகளை இங்கே கணக்கில் எடுக்கவில்லை. உறுப்பினர் யாரையாவது தெரிந்திருந்தால்தான் அங்கே நுழைய முடியும். பணம் கட்டி யார் வேண்டுமானாலும் ஆடக்கூடிய மைதானங்கள், அதுவும் ஒரே பயணத்தில் நாலைந்தை ஆடிவிடக்கூடிய இடங்கள் என்று பார்த்தால் என் கையில் மூன்று மிஞ்சுகின்றன. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ், அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் உள்ள பேண்டன் டியூன்ஸ், அலபாமா மாநிலம் நெடுகப் பரந்து கிடக்கும் ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் கோல்ஃப் டிரெயில். மூன்றும் பொது மைதானங்கள் என்றாலும் பொதுவானதற்கான காரணம் மூன்றிலும் வேறு. முதலாவது, ஊர்மக்களின் உரிமையாக நூற்றாண்டுகளாக இருந்துவரும் நிலம். இரண்டாவது, தனி ஒருவர் கட்டி எல்லோருக்கும் திறந்துவிட்ட விடுதி. மூன்றாவது, அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியில் எழுந்தது. அங்கே போய் இறங்கியதும் கிடைக்கும் அனுபவத்தின் வேறுபாடு பெரும்பாலும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

செயின்ட் ஆண்ட்ரூஸ்: குலுக்கலும் ஞாயிற்றுக்கிழமையும்

கடலோர மணல் மேட்டுப் புல்வெளியில் கோல்ஃப் ஆடும் உரிமை ஊர்மக்களுக்கு உண்டு என்று 1552-ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று சொல்கிறது. இன்றைக்கு அந்த நிலத்தை நிர்வகிப்பது, நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் 1974-இல் அமைந்த லிங்க்ஸ் அறக்கட்டளை. அதன் கையில் ஏழு மைதானங்கள் இருக்கின்றன. ஓல்ட் கோர்ஸ், 1895-இல் திறந்த நியூ கோர்ஸ், ஜூபிலி, ஹாரி கோல்ட் வடிவமைத்த ஈடன், எளிதான ஸ்ட்ராத்டைரம், ஒன்பது குழிகள் கொண்ட பால்கோவ், ஊருக்குச் சற்று வெளியே பாறைமேட்டில் 2008-இல் திறந்த காஸில் கோர்ஸ். நூறு வயதைத் தாண்டியதை இன்னமும் 'நியூ' என்று அழைக்கும் ஊர் அது. காலத்தை அவர்கள் அளக்கும் கோல் வேறு.

எல்லோரும் போவது ஓல்ட் கோர்ஸுக்காகத்தான். அங்கே நுழையும் வழிகளைப் புரிந்துகொள்ளாமல் விமான டிக்கெட் எடுக்கக் கூடாது. முந்தைய ஆண்டே விண்ணப்பித்து நேரத்தை உறுதி செய்துகொள்ளலாம். அங்கீகாரம் பெற்ற பயண நிறுவனங்கள் வழியாகவும் வாங்கலாம், ஆனால் செலவு ஏறும். இவை இரண்டும் இல்லாதவர்களுக்குக் குலுக்கல் இருக்கிறது. ஆட நினைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு பெயர் கொடுக்க வேண்டும். ஒரு விண்ணப்பத்தில் குறைந்தது இருவர், அதிகபட்சம் நால்வர்.

எட்டுப் பேர் குழு இடறி விழுவது இங்கேதான். எட்டுப் பேர் என்றால் இரண்டு விண்ணப்பங்கள். இரண்டும் தனித்தனியாகக் குலுக்கலுக்குப் போகும். நால்வருக்கு விழுந்து மற்ற நால்வருக்கு விழாமல் போவது சாதாரணமாக நடக்கக்கூடியது. இருவர் இருவராகப் பிரித்து நான்கு விண்ணப்பம் போட்டால் யாராவது ஒரு சோடிக்காவது கிடைக்கும் வாய்ப்பு கூடும். பிளவும் கூடும். பெயர் கொடுப்பதற்கு முன்பே, "பாதிப் பேருக்கு விழுந்தால் அவர்கள் போகலாமா, கூடாதா?" என்று எட்டுப் பேரும் உட்கார்ந்து பேசி முடித்துவிட வேண்டும். முடிவு வந்த பிறகு இதைப் பேசினால் நட்புக்கு ஆகாது. போகலாம் என்பதுதான் என் கட்சி. வாழ்நாளில் ஒருமுறை கிடைப்பதை ஒற்றுமையின் பெயரால் விட்டுக்கொடுக்கச் சொல்வது அநியாயம்.

தனி ஆளாக ஆட விரும்புகிறவர்கள் முன்பெல்லாம் நள்ளிரவிலிருந்தே வரிசையில் நிற்பார்கள். 2024-இல் அந்த வரிசையை எடுத்துவிட்டு அதற்கும் குலுக்கல் கொண்டுவந்துவிட்டார்கள். குளிரில் நின்று அந்நியர்களோடு நட்புப் பிடித்த கதைகள் இனிப் பிறக்காது. ஆனாலும் ஐம்பதைத் தாண்டியவர்களின் இடுப்பு இந்த மாற்றத்துக்கு நன்றி சொல்லும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஓல்ட் கோர்ஸில் ஆட அதிகாரபூர்வ ஹேண்டிகேப் சான்று வேண்டும். ஒருவருடைய ஆட்டத் திறனைச் சொல்லும் எண் அது, எண் குறையக் குறையத் திறன் அதிகம். புதிதாகக் கற்றுக்கொண்ட நண்பர் அதை வாங்கியிருக்காவிட்டால் அவருக்கு அங்கே இடமில்லை. பயணத்துக்கு சில மாதங்கள் முன்பே அவரை உள்ளூர் மைதானத்தில் மதிப்பெண் அட்டைகளைப் பதிவு செய்யவைப்பது குழுவின் கடமை.

மைதானத்தைப் பற்றி ஒன்றிரண்டு சொல்லியே ஆக வேண்டும். கடலையொட்டி வெளியே போய், வளைந்து, அதே பாதையோரமாகத் திரும்பி வருகிற ஆட்டம் இது. போகிற குழிக்கும் வருகிற குழிக்கும் ஒரே கிரீன், அதாவது குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரை. இரண்டாவதும் பதினாறாவதும் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும். மூன்றாவதும் பதினைந்தாவதும் ஒன்றை. இப்படி ஏழு இரட்டை கிரீன்கள். எந்தச் சோடியைக் கூட்டினாலும் 18 வரும். போகும்போது வெள்ளைக் கொடியை நோக்கி அடிக்க வேண்டும், திரும்பும்போது சிவப்புக் கொடியை நோக்கி. கவனிக்காமல் தவறான கொடியைக் குறிபார்த்துவிட்டு, முப்பது நாற்பது கஜத்துக்குப் புட்டிங் செய்ய (கிரீனில் பந்தைத் தரையோடு உருட்ட) வேண்டிய நிலைக்கு ஆளாவது முதல்முறை போகிறவர்களின் வழக்கம்.

பதினேழாவது குழி, ரோடு ஹோல், தனிக்கதை. முதல் அடி அடிக்கும் இடமான டீயில் நின்றால், பந்து போய் விழ வேண்டிய புல்வெளியான ஃபேர்வே எதிரே தெரியாது. பழைய ரயில் கொட்டகைகளைப் போலக் கட்டிய ஒரு சுவர்தான் தெரியும். அதற்கு மேலே பந்தை அனுப்ப வேண்டும். வலப்புறம் ஹோட்டல், அது எல்லைக்கு வெளியே. பயந்து இடப்புறம் அடித்தால் இரண்டாவது அடிக்குக் கோணம் கெட்டுவிடும். கிரீன் குறுகலாகச் சாய்ந்து கிடக்கிறது. முன்னால் இடப்பக்கம் ஆளை விழுங்கும் ஒரு பங்கர் (மணற்பள்ளம்), பின்னால் சாலை, சாலைக்கப்பால் கல்சுவர். பந்து சாலையில் கிடந்தால் சாலையிலிருந்தே அடிக்க வேண்டும், சலுகை கிடையாது. பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டியான ஓபனில், 1978-இல், ஜப்பானின் டாமி நகஜிமா இதே கிரீனில் புட் செய்த பந்து உருண்டு அந்தப் பங்கருக்குள் போய்விழ, அந்தக் குழியை முடிக்க அவர் 9 ஷாட் எடுத்தார். உலகத் தரத்து ஆட்டக்காரருக்கே இந்தக் கதி என்றால் நம் எட்டுப் பேரில் யாரும் அங்கே வெட்கப்பட வேண்டியதில்லை. எங்கள் கூட்டத்தில் இந்தக் குழிக்கு மட்டும் மதிப்பெண் எழுதக் கூடாது என்று ஒருவர் இப்போதே கோரிக்கை வைத்திருக்கிறார்.

இனி அந்த மூன்றாம் நாள் காலைக்கு வருவோம். ஊர் மைதானத்தின் முடிவிலேயே தொடங்கிவிடுகிறது. பதினெட்டாவது கிரீனுக்குப் பக்கத்துத் தெருவிலேயே வீடுகளும் கடைகளும். பல்கலைக்கழகம், இடிந்த பேராலயம், கோட்டை, நீண்ட மணற்கரை எல்லாமே நடைதூரம். ஆடாதவர் யாரையும் கார் கேட்டுத் தொந்தரவு செய்யாமல் நாள் முழுக்கச் சுற்றலாம், நண்பர்கள் பதினெட்டாவது கிரீனுக்கு வரும் நேரத்துக்கு வேலியோரம் வந்து நின்று கேலி செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை ஓல்ட் கோர்ஸில், பெரிய போட்டிகள் நடக்கும் சமயம் தவிர, ஆட்டமே கிடையாது. அன்றைக்கு அது ஊரின் பூங்கா. நாயோடு நடப்பவர்களும் குழந்தைகளும் ஃபேர்வேயில் திரிகிறார்கள். எட்டுப் பேரும் அன்று மட்டை இல்லாமல் ஒருமுறை முழுக்க நடந்து, எங்கெங்கே பங்கர் ஒளிந்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 112 பங்கர்கள். பெரும்பாலானவை டீயிலிருந்து கண்ணில் படாது.

ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கிறது. காலை ஜூபிலி, மாலை ஈடன் என்று நிதானமாகவே இரண்டு ஆட்டம் ஆடிவிடலாம். புதியவர் பால்கோவிலும் ஸ்ட்ராத்டைரத்திலும் பயமில்லாமல் ஆடலாம். காரில் டே நதிப் பாலத்தைக் கடந்து டண்டீ வழியாகப் போனால் கார்னூஸ்டி. அதுவும் பொது மைதானம்தான். 1999 ஓபனில் ஜான் வான் டெ வெல்டே கடைசிக் குழியில் மூன்று ஷாட் முன்னிலையோடு வந்து, ஓடை நீரில் காலணியைக் கழற்றிவிட்டு இறங்கி நின்றதெல்லாம் அங்கேதான். நன்றாக ஆடும் இருவரை அங்கே ஒருநாள் அனுப்பிவிடலாம். அவர்களுடைய தற்பெருமைக்கு நல்ல மருந்து.

குறைகள் இல்லாமல் இல்லை. காற்று எந்த நேரமும் திசை மாறலாம். கோடையிலும் மழையுடை தேவை. ஓல்ட் கோர்ஸில் மருத்துவக் காரணம் இருந்தால் தவிர கோல்ஃப் வண்டிக்கு அனுமதியில்லை. நடந்துதான் ஆட வேண்டும்.

பேண்டன் டியூன்ஸ்: கோல்ஃபைத் தவிர வேறொன்றுமில்லை

மைக் கைசர் என்பவர் 1999-இல் ஓரிகன் கடற்கரையின் மணல் மேடுகளில் திறந்த விடுதி இது. அந்த முதல் மைதானத்தை வடிவமைத்தவர் அப்போது பெரிதாக அறியப்படாத ஸ்காட்லாந்து இளைஞர் டேவிட் மெக்லே கிட். பின்னாளில் செயின்ட் ஆண்ட்ரூஸின் காஸில் கோர்ஸையும் அவரே வடிவமைத்தார். பிறகு ஒவ்வொன்றாக வளர்ந்தது. டாம் டோக் வடிவமைத்த பசிபிக் டியூன்ஸ் 2001-இல், பில் கூர் - பென் கிரென்ஷா இணையின் பேண்டன் டிரெயில்ஸ் 2005-இல், டோக்கும் ஜிம் அர்பினாவும் சேர்ந்து செய்த ஓல்ட் மெக்டொனால்ட் 2010-இல், மறுபடி கூர் - கிரென்ஷாவின் ஷீப் ராஞ்ச் 2020-இல். பதினெட்டுக் குழி மைதானங்களே ஐந்து. இவை போகப் பதின்மூன்று குழிகள் கொண்ட பிரிசர்வ் என்ற சிறு மைதானமும், பத்தொன்பது குழிகள் கொண்ட ஷார்ட்டீஸும் இருக்கின்றன. பதின்மூன்று ஏன், பத்தொன்பது ஏன் என்று கேட்டால், நிலம் அவ்வளவுக்குத்தான் நல்ல குழிகளைக் கொடுத்தது என்பார்கள். கோல்ஃப் கட்டுகிறவர்களில் அந்தத் துணிச்சல் உள்ளவர்கள் குறைவு.

தூய கோல்ஃப் மட்டும் என்று பார்த்தால் மூன்றில் இதுதான் முதலிடம். ஒரே இடத்தில் இத்தனை தரமான மைதானங்கள் உலகில் அபூர்வம். அவை ஒன்றைப்போல் ஒன்று இருப்பதுமில்லை. பசிபிக் டியூன்ஸின் பின்பாதி ஒன்பது குழிகளில் நான்கு பார் 3, மூன்று பார் 5, இரண்டே இரண்டு பார் 4 (பார் என்பது நன்றாக ஆடுகிறவர் ஒரு குழியை முடிக்க எடுக்கும் ஷாட்களின் எண்ணிக்கை). பத்தாவதும் பதினொன்றாவதும் அடுத்தடுத்து பார் 3. இலக்கணம் படித்தவர்கள் செய்யத் தயங்குவதை நிலம் கேட்டது என்பதற்காகச் செய்திருக்கிறார்கள். ஷீப் ராஞ்சில் மணல் பங்கர் ஒன்றுகூடக் கிடையாது. கடல் விளிம்பிலேயே கிரீன்கள் இருக்க, காற்றே போதும் என்று விட்டுவிட்டார்கள். பேண்டன் டிரெயில்ஸ் கடலை விட்டுக் காட்டுக்குள் போய்விடுகிறது. காற்றில் மூன்று நாள் அடிவாங்கியவர்களுக்கு மரநிழல் இதமாக இருக்கும்.

போய் இறங்கிவிட்டால் கார் தேவையில்லை, விடுதியின் பஸ் மைதானத்துக்கு மைதானம் கொண்டுவிடும். எல்லாம் ஒரே நிர்வாகம் என்பதால் எட்டுப் பேருக்கு அடுத்தடுத்து இரண்டு டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) முன்கூட்டியே உறுதியாகிவிடும். குலுக்கல் பதற்றம் இல்லை. அதே நாளில் இரண்டாவது ஆட்டம் ஆடினால் கட்டணம் குறைகிறது. அதனால்தான் அங்கே போகிறவர்கள் ஒருநாளைக்கு 36 குழிகள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

அந்தக் கணக்கில்தான் வில்லங்கம். அங்கே நடந்துதான் ஆட வேண்டும், உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே வண்டி. மணல் மேட்டில் ஏறி இறங்கி ஒரு ஆட்டம் என்பது ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். இரண்டு ஆட்டம் இருபது. கோடையில் வடக்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்து. முதல் நாள் எல்லோரும் உற்சாகமாக 36 ஆடிவிடுவார்கள். இரண்டாம் நாளும் ஆடுவார்கள். மூன்றாம் நாள் காலையில் முழங்கால்காரர் ஆடவில்லை என்று சொல்வார். அப்போது அவருக்கு என்ன இருக்கிறது? அறை, உணவகம், புட்டிங் பயிற்சிக்காக அமைத்த பன்ச்போல் என்ற பெரிய மேடு பள்ளப் புல்தரை, கடல். ஒருநாளுக்குப் போதும். இரண்டாவது நாளும் அப்படியென்றால் அவர் தொலைபேசியில் திரும்பும் விமானத்தைத் தேடிக்கொண்டிருப்பார். பக்கத்துச் சிறு விமான நிலையம் நார்த் பெண்ட். பெரிய நகரமான போர்ட்லண்டிலிருந்து காரில் வந்தால் நாலு மணி நேரத்துக்கு மேலாகும். நினைத்தவுடன் கிளம்பிப் போகிற இடமில்லை. அந்த ஒதுக்குப்புறம்தான் அதன் அழகு என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதும் சரிதான், அவர்களுடைய எட்டுப் பேருக்கும் கால் நன்றாக இருக்கும் பட்சத்தில்.

செலவும் இங்கேதான் அதிகம் என்று எண்ணிக்கொள்ளலாம். விடுதி, மைதானக் கட்டணம், கேடி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கேடி கட்டாயமில்லை. ஆனாலும் முதல்முறை போகிறவர்கள் ஒரு நாளாவது வைத்துக்கொள்வது நல்லது. பையை அவர் தூக்குவதைக் காட்டிலும், கிரீனில் பந்து எந்தப் பக்கம் உருளும் என்று அவர் சொல்வதற்குத்தான் அந்தப் பணம்.

அலபாமா: வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள்

அலபாமா ஓய்வூதிய நிதியத்தின் தலைவர் டேவிட் பிரானர் 1990-களின் தொடக்கத்தில் ஒரு விசித்திரமான யோசனையோடு வந்தார். ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் ஆகியோரின் ஓய்வூதியப் பணத்தை முதலீடு செய்து மாநிலமெங்கும் கோல்ஃப் மைதானங்கள் கட்டுவது. அதைக் காட்டிச் சுற்றுலாவையும் தொழில்களையும் இழுப்பது. வடிவமைப்பைக் கொடுத்தது அப்போதே எண்பதைத் தாண்டியிருந்த ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸிடம். 1992-இல் முதல் மைதானங்கள் திறந்தன. இன்று 11 ஊர்களில் 26 மைதானங்கள், 468 குழிகள். இத்தனை பெரிய பொது கோல்ஃப் ஏற்பாடு வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லத் தோன்றும் அளவுக்குப் பெரிது.

வடக்கே ஹண்ட்ஸ்வில்லிலிருந்து தெற்கே மோபீல் வரை போவதென்றால் மாநிலத்தையே குறுக்கே கடக்க வேண்டும். எல்லாவற்றையும் ஆட நினைப்பது அபத்தம். பர்மிங்ஹாம், பிராட்வில், ஓபலைக்கா என்று மூன்று ஊர் போதும். ஓர் ஊரிலிருந்து அடுத்ததற்குச் சுமார் ஒன்றேகால் மணிநேரக் கார் பயணம். பர்மிங்ஹாமில் ராஸ் பிரிட்ஜ், பின் டீயிலிருந்து 8,191 கஜம். தயவுசெய்து அங்கிருந்து ஆட வேண்டாம். நான்கைந்து டீக்கள் வைத்திருப்பதே நம்மைப் போன்றவர்களுக்காகத்தான். பிராட்வில்லின் கேப்பிட்டல் ஹில்லில் ஜட்ஜ், லெஜிஸ்லேட்டர், செனட்டர் என்று ஒரே வளாகத்தில் மூன்று மைதானங்கள், 54 குழிகள். ஜட்ஜின் முதல் டீயில் நின்றால் கீழே அலபாமா ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கு விரிகிறது. பந்து ஏறத்தாழ 200 அடி கீழே இறங்க வேண்டும். மட்டையைச் சுழற்றியதும் பந்து வானத்திலேயே நெடுநேரம் தங்கிவிட்டதுபோல இருக்கும். சுமாராக ஆடுகிறவருக்குக்கூட வாழ்வில் நீண்ட டிரைவ் அங்கே கிடைத்துவிடும், புவியீர்ப்புக்கு நன்றி. ஓபலைக்காவின் கிராண்ட் நேஷனலில் பல குழிகள் ஏரிக்கரையிலேயே போகின்றன.

இங்கே வண்டியில் ஏறி ஆடுவதுதான் வழக்கம். இந்த ஒரு வசதியே குழுவின் குணத்தை மாற்றிவிடுகிறது. முழங்கால்காரர் எல்லா நாளும் ஆடலாம். ஆட விருப்பமில்லாத நாளிலும் நண்பர் ஓட்டும் வண்டியில் கூடவே சுற்றலாம். புதியவர் எத்தனை பந்தைத் தொலைத்தாலும் வண்டி இருப்பதால் பின்னால் வருகிறவர்களை ரொம்பக் காக்கவைக்காமல் சமாளித்துவிடலாம். பல வளாகங்களில் பார் 3 குழிகள் மட்டுமே கொண்ட சிறு மைதானமும் உண்டு. அதை லேசாக எண்ண வேண்டாம். தண்ணீரும் சரிவுமாக அவை பெரிய மைதானத்தின் அளவுக்கே தண்டிக்கும், நேரம் மட்டும் பாதி. செலவில் மூன்றில் இதுவே குறைவு, டீ டைமும் பெரும்பாலும் எளிதாகக் கிடைத்துவிடும்.

குறையென்று பார்த்தால், மூன்றாம் நாளுக்குள் எல்லா மைதானங்களும் மனத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரே வடிவமைப்பாளர் குழு, ஒரே காலம், ஒரே பெரிய அளவு. உயர்ந்த கிரீன்கள், முன்னே பங்கர்கள், பந்தை உருட்டிக்கொண்டு போக வழி குறைவு, தூக்கித்தான் அடிக்க வேண்டும். ஊர்கள் வேண்டியதைக் கொடுக்கும், ஆனால் ஊருக்காக ஊருக்குப் போனதுபோல் இருக்காது. கோடைக்கால வெப்பமும் ஈரப்பதமும் கடுமை, மாலை இடிமழைக்கு ஆட்டம் நிற்கும். வசந்தமோ இலையுதிர்காலமோ பார்த்துப் போவது நல்லது.

பட்டியலில் விடுபட்டவை

பெத்பேஜ் பற்றி நிச்சயம் யாராவது கேட்பார்கள். நியூயார்க் மாநிலப் பூங்காவில் ஐந்து மைதானங்கள், பெயர்களே நிறங்கள்: கறுப்பு, சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். 1936-இல் திறந்த கறுப்பு மைதானத்தின் முதல் டீயருகில், மிகத் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறோம் என்ற எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. 2002-இலும் 2009-இலும் அமெரிக்க ஓபன் நடந்த இடம். 2025-இல் அமெரிக்க, ஐரோப்பிய அணிகள் மோதும் ரைடர் கோப்பையும் நடந்தது. முன்பதிவில் அந்த மாநிலத்தவருக்கு முன்னுரிமை என்பதால், மற்றவர்கள் நிறுத்துமிடத்தில் காருக்குள்ளேயே இரவைக் கழித்து வரிசையில் இடம்பிடிப்பதும் உண்டு. எட்டுப் பேரோடு அதைச் செய்வது வேடிக்கை. ஒருவரோ இருவரோ வேறு வேலையாக அந்தப் பக்கம் போகும்போது செய்யட்டும். வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் அருமையான இடம். ஆனால் டொனால்ட் ராஸ் 1907-இல் அமைத்த இரண்டாம் எண் மைதானத்தின் ஆமை ஓட்டு கிரீன்களில் சுமாரான ஆட்டக்காரர்கள் கிரீனுக்கு வெளியே உருண்ட பந்தை நாள் முழுக்கச் சிப் அடித்துச் சிப் அடித்து (சிறிதாகத் தூக்கி அடித்து) சோர்ந்துபோவார்கள்.

எங்கே போனாலும் உள்ளுக்குள் பந்தயம் வைக்காமல் நண்பர்கள் ஆட மாட்டார்கள். அதற்கு ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு டீக்கும் அதன் கடினத்தைக் காட்டும் ஸ்லோப் என்று ஓர் எண் உண்டு, 55 முதல் 155 வரை, நடுத்தரம் 113. உங்கள் ஹேண்டிகேப் எண்ணை அந்த ஸ்லோப்பால் பெருக்கி 113-ஆல் வகுத்தால், அதனோடு மைதான மதிப்பீட்டுக்கும் (மிக நன்றாக ஆடுகிறவர் அங்கே எடுக்கக்கூடிய ஷாட்கள்) பாருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்தால், அன்றைக்கு உங்களுக்குரிய சலுகை அடிகள் வரும். 18 ஹேண்டிகேப் உள்ளவர் 140 ஸ்லோப்பில் ஆடினால் முதல் பகுதிக் கணக்கே 22-ஐத் தாண்டிவிடுகிறது. 5 உள்ளவருக்கு ஓரடிதான் கூடுகிறது. அதாவது கடினமான மைதானத்தில் பலவீனமானவருக்குத்தான் கூடுதல் சலுகை. இதை முதல் நாளே தாளில் எழுதி எல்லோருக்கும் காட்டிவிட்டால் மூன்றாம் நாள் இரவுச் சண்டை மிச்சம். ஆட்டமும் மொத்த அடிகளை எண்ணுவதாக இருக்க வேண்டாம், குழிக்குக் குழி புள்ளி கொடுக்கும் ஸ்டேபிள்ஃபோர்டு முறை போதும். ஒரு குழியில் 11 எடுத்தாலும் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விடலாம்.

அப்படியானால் எங்கே?

எட்டுப் பேருக்கும் கால் உறுதி, ஹேண்டிகேப் எல்லோருக்கும் 15-க்குள், பேச்சே கோல்ஃப்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், பேண்டன். அப்படிப்பட்ட குழுக்கள் இருக்கின்றன. எங்களுடையது அப்படி இல்லை.

குழுவில் இருவருக்கு மேல் நடக்கத் தயங்குகிறவர்கள் இருந்தால் அலபாமா. பெருமைப்பட்டுச் சொல்லிக்கொள்ள ஓல்ட் கோர்ஸ் இருக்காது, ஆனால் எட்டுப் பேரும் எல்லா நாளும் ஆடுவார்கள். அதை வேறெந்த இடமும் உத்தரவாதம் செய்ய முடியாது. முதல்முறை ஒன்றாகப் போகிற, ஒருவரையொருவர் பயணத்தில் அறியாத குழுவுக்கும் நான் இதையே சொல்வேன்.

எங்களுக்கு செயின்ட் ஆண்ட்ரூஸ். முழங்கால் ஒருவருக்குத்தான், அவரும் நாளுக்கு ஓர் ஆட்டம் தள்ளுவண்டியோடு நடந்துவிடுவேன் என்கிறார். மற்ற நேரத்தில் ஊர் அவரைப் பார்த்துக்கொள்ளும். சனிக்கிழமை போய்ச் சேருவது. ஞாயிறு காலை மட்டையில்லாமல் ஓல்ட் கோர்ஸில் நடை, மதியம் ஈடன். திங்கள் ஜூபிலி, வியாழன் காஸில் இரண்டையும் முன்பதிவு செய்துவிடுவது. செவ்வாயும் புதனும் காலியாக விட்டுவைத்து, அந்த இரண்டு நாளுக்கும் குலுக்கலில் பெயர் கொடுப்பது. விழாத நாளில் நியூ கோர்ஸ், இடமிருந்தால் கார்னூஸ்டி. நால்வருக்கு மட்டும் விழுந்தால் அவர்கள் ஆடப் போவார்கள், மற்ற நால்வர் ஸ்ட்ராத்டைரம் ஆடிவிட்டு மாலையில் பதினேழாவது குழியின் சாலையோரச் சுவரருகே வந்து நிற்பார்கள். இந்த விதியை எட்டுப் பேரும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. புதியவருக்கு ஹேண்டிகேப் பதிவு செய்யும் வேலையை அடுத்த வாரமே தொடங்க வேண்டும். அவருடைய முதல் மூன்று அட்டைகளில் யார் கையெழுத்துப் போடுவது என்பதுதான் இப்போது நடக்கும் வாக்குவாதம்.